ப்யூஸ் பெட்டிக்கு வெளியே

அத்தியாயம் ஒன்று

“பேட்டரி செத்துப் போச்சுங்க. நாங்களும் சீக்கிரம் செத்துருவோம் போல இருக்குது.”

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, முதல் டீ கூட இறங்காதவனிடம் வந்து சொல்கிற பேச்சா இது?

“பேட்டரிக்கு நான் தண்ணி ஊத்தறேன். உங்களுக்கு எங்க மேடம் வரணும்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். வந்தவன் சிரிக்கவில்லை. என் ஜோக்குக்குச் சிரிக்காதவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அதற்கப்புறம்தான் அவன் இடது கையைப் பார்த்தேன். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை கட்டு. கட்டின் ஓரத்தில் மஞ்சளாக மருந்து கசிந்திருந்தது.

அவன் பெயர் கோபி. சரக்கு ஏற்றுகிற குட்டி யானை வண்டி ஒன்றை ஒற்றைக் கையால் ஸ்டியரிங் பிடித்துத் தள்ளியே கொண்டுவந்திருந்தான். பின்னால் நின்று தள்ளியவள் அவன் மனைவி ஜெயப்ரியா. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். வண்டி நின்றதும் இரண்டு பேரும் முதலில் ரோட்டைத்தான் பார்த்தார்கள். அந்தப் பக்கம் ஒரு தடவை, இந்தப் பக்கம் ஒரு தடவை.

நான் வெங்கடப்பன். இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டினேன். சர்க்கரை வந்து கண் மங்கியதும் லைசென்ஸைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, இங்கே உதவியாளனாகச் சேர்ந்தேன். ‘இங்கே’ என்றால் ஜூஜுவாடி சர்வீஸ் ரோட்டில், நடந்தே கர்நாடகாவுக்குப் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிற ஒரு தகரக் கொட்டகை. போர்டில் ‘சம்பங்கி ஆட்டோ எலெக்ட்ரிகல்ஸ்’ என்று பெரிதாக எழுதியிருக்கும். அதன் கீழே, பெயின்டருக்கு இடம் பத்தாமல் போனதால், எறும்பு சைஸில் ‘துப்பறிந்து தரப்படும்’ என்று இருக்கும்.

சம்பங்கிக்கு நாற்பத்தொரு வயது. ஓசூரில் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் வண்டிக்குள் போகிற ஒயர்க்கட்டு பின்னியவள். அந்த லைனை மூடியபோது மற்றவர்கள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போனார்கள். இவள் ஒரு மல்டிமீட்டரும் ஒரு டெஸ்ட் லாம்பும் வாங்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். ஒயரில் எங்கே திருட்டு நடக்கிறது என்று கண்டுபிடிப்பவளுக்கு, ஊரில் எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகும்? என்னை விடச் சின்னவள்தான். ஆனாலும் நான் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். அவள் என்னை அண்ணா என்பாள், எரிச்சல் வந்தால் அண்ணாவில் ஒரு அழுத்தம் விழும்.

“எத்தனை நாளா இந்தத் தொந்தரவு?” பேட்டரி மேல் மீட்டரை வைத்துக்கொண்டே கேட்டாள். மீட்டர் ஒன்பது வோல்ட் சொச்சம் காட்டியது. பன்னிரண்டரைக்கு மேல் இருக்க வேண்டியது.

“மூணு மாசமாங்க. ஓட்டிக்கினே இருந்தா ஒண்ணுமில்லை. ரெண்டு நாள் நிறுத்தினா தீர்ந்துடுது. நாலு மெக்கானிக் பார்த்துட்டாங்க. பேட்டரி பழசு, மாத்துன்றாங்க.”

“கை எப்படி ஆச்சு?”

கோபி மனைவியைப் பார்த்தான். அவள்தான் சொன்னாள்.

“எங்க அண்ணன் ஆளுங்க வெட்டினாங்க.”

வாயில் வந்திருந்த அடுத்த ஜோக்கை அப்படியே முழுங்கினேன்.

ஜெயப்ரியா வீடு தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம். நிலம் நீச்சு உள்ள குடும்பம். கோபியின் அப்பா அம்மா அதே நிலத்தில் களை எடுத்தவர்கள், அறுவடை செய்தவர்கள். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு முன் ரிஜிஸ்டர் கல்யாணம். அன்றைக்கே அண்ணன் ஹரீஷ்குமார் ஊர் நடுவில் நின்று, ‘பொணமா வந்தாலும் பரவாயில்லை, அவ திரும்ப வந்தாகணும்’ என்று சொன்னானாம்.

“முதல்ல சூளகிரியில குடியிருந்தோம்” என்றாள். “இருபதாவது நாளு வந்துட்டாங்க. தப்பிச்சு குருபரப்பள்ளிக்குப் போனோம். போன வியாழக்கிழமை அங்கயும் வந்துட்டாங்க. இவர் கையைக் குறுக்க வெச்சாரு. இல்லைன்னா கழுத்து.”

“போலீஸ்?”

“போனோங்க. பெரியவங்களைக் கூப்பிட்டுப் பேசி முடிச்சுக்கலாம்னு சொல்லி, எங்க கண்ணு முன்னாலயே அண்ணனுக்குப் போன் போட்டாங்க.”

சம்பங்கி மீட்டரை அணைத்தாள். மீட்டரின் ஒயரைச் சுற்றி வைத்தாள்.

“குருபரப்பள்ளி அட்ரஸ் ஒருத்தனுக்குத்தாங்க தெரியும்” என்றான் கோபி. “ராஜ்குமார்னு என் சிநேகிதன். கல்யாணத்துல சாட்சிக் கையெழுத்துப் போட்டவன். அவன்தான் வித்துட்டான். ஆஸ்பத்திரியில படுத்துக்கினே போன் போட்டு, வாயில வந்ததெல்லாம் கேட்டுட்டேன். அவன் ஒரு வார்த்தை பேசலை. தப்பு பண்ணாதவன் பேசுவானில்ல?”

“குருபரப்பள்ளியில வண்டியை எங்க நிறுத்துவீங்க?”

“வீடு சந்துக்குள்ளங்க. வண்டி நுழையாது. மெயின் ரோட்டுல டீக்கடைகிட்ட நிறுத்துவேன்.”

“அவங்க எங்க வந்தாங்க?”

“டீக்கடைக்குத்தான். இந்த வண்டிக்காரன் எங்கன்னு கேட்டாங்களாம். கடைக்காரர் தெரியாதுன்னுட்டாரு. அங்கயே உக்காந்துட்டாங்க. காலையில நான் வண்டி எடுக்கப் போனேன். சாவியைத் திருகினா டக்குனு ஒரு சத்தம், அவ்வளவுதான். ஸ்டார்ட் ஆகலை. அதுக்குள்ள…” கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினான்.

சம்பங்கி முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தாள்.

“கோபி, வீட்டு அட்ரஸ் தெரிஞ்சவன் சொல்லியிருந்தா, அவங்க வீட்டுக் கதவைத்தான் தட்டியிருப்பாங்க. டீக்கடையில உக்காந்து வண்டிக்கு எதுக்குக் காவல் இருக்கணும்? அவங்களுக்கு உங்க வீடு தெரியலை. வண்டி மட்டும்தான் தெரிஞ்சிருக்கு.”

கோபியின் வாய் திறந்தபடி நின்றது.

“காட்டிக் கொடுத்தது ராஜ்குமார் இல்லை. இந்த வண்டி. உங்க பேட்டரியைக் குடிக்கறவனும் உங்களைக் காட்டிக் கொடுக்கறவனும் ஒருத்தனேதான்னு நினைக்கறேன். அண்ணா, நம்ம சார்ஜ் போட்ட பேட்டரியை எடுத்துட்டு வாங்க.”

எடுத்து வந்து மாட்டினேன். மணி ஒன்பது இருபது. அந்த நேரத்தை நான் குறித்து வைத்துக்கொண்டதற்கு அப்போது காரணம் எதுவும் இல்லை. டீக்காரன் இன்னும் வரவில்லையே என்று கடிகாரத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

சம்பங்கியின் டெஸ்ட் லாம்பைப் பார்த்தால் யாரும் மதிக்க மாட்டார்கள். ஒரு சின்ன பல்பு, இரண்டு ஒயர், ஒரு முனையில் கிளிப், மறுமுனையில் கோணி ஊசி. அவளுக்கு மீட்டரை விட அதன் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

“சாவி எடுத்தாச்சு, லைட் எல்லாம் ஆஃப், கதவு மூடியாச்சு” என்று அந்த இரண்டு பேருக்கும் சொன்னாள். “இப்போ வண்டி தூங்கணும். தூங்கற வண்டி கரண்ட் குடிக்காது. பேட்டரி நெகட்டிவ்ல இருந்து ஒயரைக் கழட்டிட்டு, நடுவுல இந்த பல்பை வெக்கறேன். பல்பு எரியலைன்னா வண்டி யோக்கியம். எரிஞ்சா, உள்ள ஒருத்தன் முழிச்சிட்டு இருக்கான்.”

வைத்தாள். பல்பு எரிந்தது. மங்கலாக, மாலைக்கண் வந்த மாதிரி. ஆனால் எரிந்தது.

“அட, முழிச்சிருக்கான் பாரு!” என்றேன்.

“இனிமே ஒவ்வொரு ப்யூஸா பிடுங்கணும். எந்த ப்யூஸைப் பிடுங்கினா பல்பு அணையுதோ, அந்த லைன்லதான் திருடன். அண்ணா, நீங்க உள்ள உக்காந்து பிடுங்குங்க. நான் பல்பைப் பார்க்கறேன்.”

டிரைவர் சீட்டில் ஏறினேன். டேஷ்போர்டு மேல் உள்ளங்கை அளவில் ஒரு பிள்ளையார், பிளாஸ்டிக் தாமரை மேல் உட்கார்ந்திருந்தார். நேற்றைய சாமந்தி, அரைகுறையாக எரிந்த ஊதுபத்தி. முதுகுக்குப் பின்னால் கலர் லைட் வட்டம், அது மட்டும் எரியவில்லை. பழக்கத்தில் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

“என்னாம்மா, சாமிக்கே பவர் கட்டா?”

“அது எப்பவோ போயிடுச்சுங்க” என்றாள் ஜெயப்ரியா. “எங்க அம்மா கொடுத்தனுப்பினது. அது ஒண்ணுதான் அம்மா வீட்டுல இருந்து வந்தது.”

ப்யூஸ்களைப் பிடுங்க ஆரம்பித்தேன். ஹெட்லைட். “எரியுது” என்றாள் சம்பங்கி வெளியிலிருந்து. ஹார்ன். “எரியுது.” வைப்பர். “எரியுது.” இண்டிகேட்டர், பிரேக் லைட், ரேடியோ. எரியுது, எரியுது, எரியுது. கடைசி ப்யூஸையும் பிடுங்கி என் மடியில் போட்டேன். கலர் கலராகப் பதினோரு ப்யூஸ் மடியில் கிடந்தது. பெட்டி காலி.

“எரியுது” என்றாள்.

“டைனமோ!” என்று கத்தினேன். “மேடம், பந்தயம் கட்டறேன், டைனமோதான்.”

டைனமோ ஒயரைக் கழற்றினாள். பல்பு எரிந்துகொண்டேதான் இருந்தது. என் பந்தயங்கள் எல்லாமே இப்படித்தான்.

அவள் நிமிர்ந்து முதுகைத் தட்டிக்கொண்டாள். “கோபி, ப்யூஸ் பெட்டியைத் தொடாம, நேரா பேட்டரியில இருந்து எதுக்காவது லைன் இழுத்திருக்கீங்களா?”

“இல்லீங்க.”

“நல்லா யோசிங்க.”

“சத்தியமா இல்லீங்க. என் வண்டி எனக்குத் தெரியாதா?”

சம்பங்கி பாசிட்டிவ் முனையைப் பார்த்தாள். பூஜைக்குப் பூஜை வைத்த மஞ்சளும் குங்குமமும் கிரீஸோடு சேர்ந்து அங்கே ஒரு மேடாக ஒட்டியிருந்தது. ஊசியால் சுரண்டினாள். குங்குமத்துக்கு அடியிலிருந்து குங்குமக் கலரிலேயே ஒரு மெல்லிய ஒயர் வந்தது. அதை மட்டும் முனையிலிருந்து எடுத்தாள்.

பல்பு அணைந்தது.

திரும்ப வைத்தாள். எரிந்தது. எடுத்தாள். அணைந்தது. மூன்று தடவை செய்தாள். அப்புறம் அந்த ஒயரை விரலால் நீவிக்கொண்டே போனாள். கேபினுக்குள் நுழைந்து, டேஷ்போர்டு மேல் ஏறி, ஒயர் தாமரைக்குள் போய் முடிந்தது.

“அது சாமி லைட்டுங்க” என்றான் கோபி. “நான்தான் மாட்டினேன். அதுதான் எரியறதே இல்லையே!”

“நேரா பேட்டரியில இருந்து ஒண்ணுமே இல்லைன்னு சத்தியம் பண்ணீங்களே?”

“சாமியை எப்படிங்க அதுல சேக்கறது?”

அவனைத் திட்ட என் வாய் எழவில்லை. நானும்தானே அந்த சீட்டில் உட்கார்ந்து, தொட்டுக் கும்பிட்டுவிட்டு, மற்றது எல்லாவற்றையும் பிடுங்கினேன்? நாலு மெக்கானிக்கும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஒருத்தனும் சாமி மேல் கை வைத்திருக்க மாட்டான்.

“எரியாத லைட்டுக்குக் கரண்ட் எதுக்கு?” என்றாள் சம்பங்கி.

பிள்ளையாரை மெதுவாகத் திருகி எடுத்து ஜெயப்ரியாவின் கையில் கொடுத்தாள். தாமரையின் அடித்தகட்டை ஊசியால் நெம்பினாள். உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு டப்பா. அதில் கடுகு அளவில் ஒரு பச்சை விளக்கு, விட்டு விட்டு மினுக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு சிம்.

“வண்டி எங்க இருக்குன்னு போனுக்குச் சொல்ற டப்பா” என்றாள்.

கோபி மனைவி பக்கம் திரும்பினான். நான் பயந்தது நடந்தது.

“உனக்குத் தெரியுமா?”

ஜெயப்ரியா ஒரு அடி பின்னால் போனாள். பிள்ளையாரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள். மூன்று மாதம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தவள். அந்தக் கேள்வியை அவன் கேட்டிருக்கவே கூடாது. கேட்ட மறு நொடியே அது அவனுக்கும் தெரிந்துவிட்டது, தலையைக் குனிந்துகொண்டான்.

“இதை யார் கொண்டுவந்து கொடுத்தது?” சம்பங்கி பேச்சை மாற்றினாள்.

“எங்க பெரியம்மா சென்னம்மா” என்றான் கோபி தரையைப் பார்த்து. “இவங்க வீட்டுல மாடு பார்த்துக்கினு இருக்குது. கல்யாணமாகி மூணாவது நாளு பஸ் ஏறி வந்து கொடுத்துச்சு. சாமிக்கு வெளிச்சம் எப்பவும் அணையக் கூடாதாம், நேரா பேட்டரியில கொடுக்கணும்னு அம்மா சொன்னாங்கன்னுச்சு. என் கையாலயே கொடுத்தேன்.”

“அந்த அம்மாகிட்ட போன் இருக்கா?”

இருந்தது. அவளுக்கு ஆபத்து வருமென்று இத்தனை நாள் அதில் கூப்பிட்டதில்லையாம். ஜெயப்ரியா ஸ்பீக்கரில் போட்டாள். நாலு தடவை மணி அடித்தது. சென்னம்மா எடுத்து, “ஐயோ கண்ணு, நீயா!” என்று கிசுகிசுத்துவிட்டு ஓடினாள். மாடு கத்துகிற சத்தம், தகரக் கதவுச் சத்தம். அப்புறம் ஒரு மூச்சு வாங்கல்.

“ஜெயா? நல்லாருக்கறயா சாமி?”

ஜெயப்ரியாவின் அம்மா சரோஜம்மாள். மூன்று மாதம் கழித்துக் கேட்ட குரல். பெண் போனைச் சம்பங்கி பக்கம் நீட்டினாள். சம்பங்கிதான் தன்னை யாரென்று சொல்லி, “பிள்ளையாருக்குள்ள அதை வெச்சது நீங்களாம்மா?” என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் தகரக் கதவைச் சாத்துகிற சத்தம்.

“நான்தான்” என்றாள் சரோஜம்மாள். “தேன்கனிக்கோட்டை பஸ் ஸ்டாண்டுகிட்ட போன் கடையில கேட்டேன். அவங்கதான் வெச்சுக் கொடுத்தாங்க. எனக்குப் பேச வழியில்லை, பாக்க வழியில்லை. போனுல ஒரு புள்ளி தெரியும். காலையில அது நகர்ந்தா, என் பொண்ணு எழுந்துட்டா, வேலைக்குப் போறாங்கன்னு நினைச்சுக்குவேன். அது போதும்மா எனக்கு. வேற கெட்டது நினைச்சு வெக்கலை.”

“அந்தப் போனை வேற யார் எடுப்பாங்க?”

“இன்னிக்கு வரைக்கும் யாரும் எடுத்ததில்லை. ராத்திரி ஹரீஷ்கிட்ட கொடுப்பேன், சார்ஜ் போட்டுத் தருவான். அவனுக்கு இதெல்லாம்…”

நின்றுவிட்டாள்.

“அப்போ சூளகிரிக்கு?” என்றாள். பிறகு இன்னும் சின்னக் குரலில், “குருபரப்பள்ளிக்கு?”

“ஆமாம்மா” என்றாள் ஜெயப்ரியா. அன்றைக்கு அவள் அம்மாவிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அதற்குப் பதிலாக சரோஜம்மாள் அவசரமாகப் பேசினாள்.

“ஜெயா, இப்போ எங்க இருக்கறே? ரெண்டு நாளா புள்ளி கிருஷ்ணகிரியிலயே நின்னுச்சு. ஆஸ்பத்திரின்னு எழுதியிருந்துச்சு. அப்புறம் சாம்பல் கலராயிடுச்சு. நான் என்னன்னு நினைப்பேன்? சோறு இறங்கலை. இன்னிக்குக் காலையில திடீர்னு பச்சையாச்சு, ஜூஜுவாடின்னு காட்டுச்சு. என் பொண்ணு இருக்குதுடான்னு கத்திட்டேன் கண்ணு. சந்தோஷத்துல வாய் விட்டுக் கத்திட்டேன். ஹரீஷ் பக்கத்து ரூம்ல இருந்தான். வந்தான், போனைப் பிடுங்கினான், ரெண்டு பேரை ஏத்திக்கினு போயிட்டான்.”

“எத்தனை மணிக்கும்மா?” சம்பங்கியின் குரல் மாறிவிட்டது.

“ஒம்பதரை இருக்கும்.”

ஒன்பது இருபதுக்கு பேட்டரி மாட்டியவன் நான். வெட்டுப்பட்ட அன்று டீக்கடைக்காரர் தள்ளி ஸ்டார்ட் பண்ணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டியை, அந்தச் சந்திலிருந்து நேற்று ஒரு லாரிக்காரர் கயிறு கட்டி ஜூஜுவாடி வரை இழுத்து வந்தாராம், செத்த பேட்டரியோடு. ஆஸ்பத்திரிக் கூட்டத்துக்குள் ஹரீஷ் வரவில்லை, அப்புறம் பேட்டரி செத்திருந்த வரைக்கும் இந்த இரண்டு பேரும் பத்திரமாக இருந்தார்கள். நாங்கள் உயிர் கொடுத்தோம். சம்பங்கி தன் டெஸ்ட் லாம்பைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

“நான்தான் கூப்பிட்டு விட்டிருக்கேன்” என்றாள்.

மணி பத்து ஐந்து. தேன்கனிக்கோட்டையைத் தாண்டி வந்து, ஓசூர் நெரிசலைக் கடந்தால், இன்னும் அரை மணி நேரம். சில சமயம் அதற்கும் குறைவு.

“இப்போ சிம்மைப் பிடுங்கினா?” என்றான் கோபி.

“புள்ளி இங்கயே சாம்பலா நின்னுடும். அவங்க இங்கதான் வருவாங்க. வரட்டும். பேட்டரி திரும்ப செத்துட்டதா நினைப்பாங்க, ஏற்கெனவே அப்படி ஆகியிருக்கே. அண்ணா, ப்யூஸ் எல்லாத்தையும் திரும்பச் சொருகிட்டு, நம்ம பேட்டரியைக் கழட்டிட்டு அவங்களோட செத்ததையே மாட்டுங்க, சாவியும் வண்டியிலயே இருக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் வண்டியை விட்டுட்டுக் கிளம்புங்க. எல்லை தாண்டி யாராவது இருக்காங்களா?”

கோபிக்கு எல்லை தாண்டி ஒரே ஒருத்தன்தான் இருந்தான். அத்திப்பள்ளியில் ரூம் எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிற ராஜ்குமார். தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு கோபி முழித்த முழியை எழுத எனக்கு மனசு வரவில்லை. கடைசியில் போட்டான்.

“டேய்… நான் உன்னைப் பேசினதெல்லாம்…”

“அதை அப்புறம் பேசலாம்” என்றது அந்தப் பக்கம். “எங்க நிக்கறீங்க, அதை முதல்ல சொல்லு.”

ஜெயப்ரியா இன்னும் அம்மாவின் லைனில்தான் இருந்தாள். சம்பங்கி கறுப்பு டப்பாவை அவளிடம் நீட்டினாள். “நீயே எடும்மா. அம்மாகிட்ட சொல்லிட்டு எடு.”

“அம்மா, பிடுங்கப் போறேன்.”

“பிடுங்கிடு கண்ணு.”

“இனிமே நான் எங்க இருக்கேன்னு உனக்குத் தெரியாதேம்மா.”

“தெரிய வேணாம் சாமி. புள்ளி நகர்ந்தா நீ நல்லாருக்கேன்னு இத்தனை நாளு நினைச்சேன். இனிமே நகராம நின்னா நல்லாருக்கேன்னு நினைச்சுக்கறேன். அவ்வளவுதானே? நான் மாத்தி நினைச்சுக்கறேன். நீ பிடுங்கு.”

பிடுங்கினாள். பச்சை விளக்கு இரண்டு தடவை மினுக்கிவிட்டு அணைந்தது. சிம்மை என் கையில் கொடுத்தாள். வேறு இடம் தோன்றாமல் என் பீடிக் கட்டுக்குள் சொருகிக்கொண்டேன். டப்பாவைச் சம்பங்கி பழைய ஒயர்க் குவியலுக்குள் எறிந்துவிட்டு, தாமரையை மூடி, பிள்ளையாரைப் பழையபடி உட்கார வைத்தாள்.

இரண்டு பேரும் ஷேர் ஆட்டோவில் ஏறினார்கள். கையில் ஒரு துணிப்பை. வேறொன்றும் இல்லை. ஏதாவது ஜோக் சொல்லி அனுப்பலாம் என்று பார்த்தேன், ஒன்று கூட வரவில்லை.

சம்பங்கி ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆளு வந்தா உடனே கூப்பிடுங்க மேடம்” என்றார்கள்.

“வந்ததுக்கு அப்புறம் நாம எந்தக் கையால கூப்பிடறது?” என்றேன். கடையில் எங்களிடம் இருந்தது ஒரு ஸ்பேனர் செட், ஒரு மீட்டர், ஒரு பல்பு.

பத்து நாற்பதுக்கு வெள்ளை ஜீப் ஒன்று மெதுவாக வந்து நின்றது. இறங்கியவன் இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை போட்டிருந்தான். பின்னால் இரண்டு பேர் இறங்கவில்லை. அவர்கள் காலடியில் சாக்கு சுற்றி ஏதோ கிடந்தது.

“வணக்கங்க” என்றான் ஹரீஷ்குமார். அவ்வளவு மரியாதை. “இது என் தங்கச்சி வண்டி. அவங்க எங்க?”

“பேட்டரி செத்துப் போச்சுன்னு தள்ளிட்டு வந்து விட்டுட்டுப் போனாங்க” என்றாள் சம்பங்கி, ஒயரிலிருந்து கண்ணை எடுக்காமல். “நம்ம பேட்டரியை வெச்சுப் பார்த்தேன், சரியா வரலை. சாயந்திரம் வரச் சொல்லியிருக்கேன்.”

அவன் வண்டிக் கதவைத் திறந்து சாவியைத் திருகினான். டக்கென்று ஒரு சத்தம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. சீட்டுக்கு அடியில் தடவினான், டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டுத் துழாவினான், பாய் மாதிரி போட்டிருந்த ரப்பரைத் தூக்கிப் பார்த்தான். டப்பா எங்கேயோ இருக்கிறது என்று தெரியும், எங்கே என்று தெரியாது. எல்லாம் தேடி முடித்துவிட்டு இறங்கும்போது, பிள்ளையாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“சாயந்திரம்தானே? வரட்டும். எனக்கு அவசரமில்லை.”

கையிலிருந்த போனை எங்கள் மேசை மேல் வைத்தான். ஆம்பிளை வைத்திருக்கிற போன் இல்லை அது. கிளிப்பச்சைக் கவர், அதன் மேல் ஒரு அம்மன் ஸ்டிக்கர், மஞ்சள் பட்டுப் பட்டுக் கறை ஏறிய ஓரம். திரையில் ஜூஜுவாடி. நடுவில் ஒரு சாம்பல் புள்ளி.

“பெரியவரே, பீடி இருக்குதா?”

கட்டைப் பிரித்தேன். சிம் விரலில் இடித்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒன்றை உருவிக் கொடுத்தேன்.

மணி பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. ஜீப்பில் இருந்தவர்கள் டீ குடித்தார்கள். சம்பங்கி அதே ஒயரை நாலாவது தடவையாக முறுக்கிக்கொண்டிருந்தாள். ராஜ்குமார் வந்து சேர்ந்தானா, அவர்கள் எல்லையைத் தாண்டினார்களா, ஒன்றும் தெரியாது. கேட்கவும் முடியாது, போனைத் தொடவும் முடியாது.

“மூணு மணி நேரமா அசையவே இல்லை” என்றான் ஹரீஷ்குமார் திரையைப் பார்த்து, அலுப்போடு.

“ஆமாங்க” என்றேன். “அசையலை.”

அதைப் பார்க்க வேண்டியவள் தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம் மாட்டுக் கொட்டகையில் போன் இல்லாமல் நின்றுகொண்டிருந்தாள். அதனால் அவளுக்குப் பதிலாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.